போர்ட் லூயிஸில் சொடுக்கிய விரல்

வளைகுடா நாட்டில், ருவைஸ் ஆலையில் பதினோரு வருடமாக ஃபோர்மேன் என்னை விரல் சொடுக்கித்தான் கூப்பிடுகிறான். அதை வீடியோ காலில் மனைவிக்கு நடித்துக் காட்டிப் பொருமுவேன்.

போன லீவில் அவளை மொரீஷியஸுக்குச் சுற்றிப்பார்க்க அழைத்துப் போனேன். போர்ட் லூயிஸில் கடலோர ஓட்டல் ஒன்றில் பிரெஞ்சு பேசும் முதியவர் பரிமாறினார். காப்பி வரத் தாமதமானது. விரலைச் சொடுக்கி, "யல்லா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினேன்.

"பார்தோன், முசியே" என்று மன்னிப்புக் கேட்டுத் தலைகுனிந்தவர், ஓட்டமும் நடையுமாகப் போய்க் கொண்டுவந்தார்.

மனைவி காப்பியைத் தொடவில்லை. "போன்ல நடிச்சுக் காட்டுவீங்களே, அப்படியே இருந்துச்சுங்க" என்றாள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தட்டுக்கடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டு வந்தேன்.

மறுபடி டியூட்டி. ஃபோர்மேன் இன்றும் சொடுக்கினான். முன்பெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே போவேன். இப்போது திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை.