பக்கத்து இடத்தில் ஒரு பை

பேருந்தில் ஏறினால் என் அக்கா முதலில் பக்கத்து இருக்கையில் பையை வைப்பாள். பிறகுதான் தான் உட்காருவாள். யாராவது நின்றால் உடனே எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஆனால் ஆள் வரும்வரை பை அங்கேதான். வகுப்பிலும் அப்படி, பிறகு அலுவலக உணவறையிலும் அப்படி. பள்ளியில் அவளுக்குப் ‘பைக்காரி’ என்று பெயர் வந்தது. வைத்தவள் நான்தான். இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். என்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஆளுக்கோர் அறையாக இருந்தோம். பெரியப்பா லாரி ஓட்டினார். அப்பா சுவருக்கு வண்ணம் அடித்தார். எங்கள் இருவருக்கும் படிக்க ஒரே மேசை, அதற்கும் ஒரு கால் குட்டை. அவள் நோட்டில் அவள் எழுதுவாள், என் நோட்டில் நான் எழுதுவேன். ஆனால் ஒருத்தி அழுத்தி எழுதினால் மேசை ஆடும், மற்றவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே நான் வேண்டுமென்று அழுத்தி எழுதுவேன்.

“மேசைய ஆட்டாதடி.”

“நான் என் நோட்டுலதானே எழுதுறேன்?”

“சரி, உனக்கு ஒரு குட்டு பாக்கி.”

பாக்கி என்றால் பாக்கிதான். அன்றைய சாப்பாட்டுக்கு முன் எப்படியும் என் தலையில் அது இறங்கிவிடும். இறக்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். “பெரியவளைப் பாரு, எவ்வளவு பொறுமை” என்று அம்மாவும் சொல்வாள். என் அம்மா, அவள் அம்மாகூட இல்லை.

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அக்கா பட்டயப் படிப்போடு நிறுத்திக்கொண்டாள். “எனக்கு இது போதும்டி” என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் பந்தயத்தில் ஓடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். மூன்றாவது மாதம் அதே அலுவலகத்துக்கு, புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் ஒப்பந்த வேலைக்கு அக்கா வந்து சேர்ந்தாள். என்னிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடு நாற்காலியில் பை. இரண்டே வாரத்தில் மேலாளர் என்னைத் தாண்டிப்போய் அவளிடம் சந்தேகம் கேட்டார். நான் திரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்தேன்.

எனக்குக் கொடுத்திருந்த வேலை இது. ஒரு பெரிய கட்டடத்துக்கு எட்டு வாசல், வாசலுக்கு ஒரு கேமரா. படத்தில் எத்தனை புள்ளிகள் மாறின என்று எண்ணி, கூட்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். எங்கள் கணினியின் சிப்புக்குள் எட்டு கோர்கள், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு வாசலைப் பிரித்துக் கொடுத்தேன். கணக்கு வைத்துக்கொள்ள ஆளுக்கு ஓர் எண்ணி, அதாவது கவுண்டர்; புள்ளி மாறினால் அதில் ஒன்று கூடும். திரையில் உடனுக்குடன் தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் நினைவகத்திலேயே எழுதவைத்தேன்.

ஒரே கோர் எட்டு வாசலையும் பார்த்தபோது சோதனைப் படம் பன்னிரண்டு நொடியில் முடிந்தது. எட்டு கோர்களும் பார்த்தபோது பத்தொன்பது நொடி. ஆள் கூடியதும் வேலை மெதுவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை செய்து காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் என் நிரந்தரம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் குழம்பினேன். அக்காவிடம் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

வியாழன் மதியம் அவளே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

“ரெண்டு வாசலை ரெண்டு தனி புரோகிராமா ஓட்டிப் பார்த்தேன், பறக்குது. ஒரே புரோகிராம்ல ரெண்டையும் விட்டா நொண்டுது. எட்டு எண்ணியையும் எங்க வச்சிருக்க?”

“வரிசையா. பக்கத்துல பக்கத்துல.”

“அப்போ மேசை ஆடுதுடி.”

எனக்குச் சுரீர் என்றது. கல்லூரித் தேர்வில் கணினியின் கேஷ் நினைவகம் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியவள் நான். ஒவ்வொரு கோருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் சொந்தமாக ஒரு சின்ன கேஷ் உண்டு. அதற்கு வெளியே எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய கேஷ், அதற்கும் அப்பால் முதன்மை நினைவகம். தள்ளிப்போகப்போக நேரம் கூடும். ஓர் எண் வேண்டுமென்றால் அதை மட்டும் எடுத்து வராமல், அக்கம்பக்கத்தையும் சேர்த்து அறுபத்து நான்கு பைட் துண்டாக எடுத்து வரும். அந்தத் துண்டில் ஒரு கோர் எழுதினால் மற்றவர்களிடம் இருக்கும் அதே துண்டின் நகல்கள் செல்லாமல் போய்விடும், மறுபடி வாங்கி வர வேண்டும். என் எண்ணி ஒவ்வொன்றும் எட்டு பைட். எட்டும் சேர்ந்து சரியாக ஒரே துண்டு. ஒருவர் எண்ணை இன்னொருவர் தொடவே இல்லை. இருந்தும் எட்டுப் பேரும் அந்த ஒரு துண்டை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நடுவுல இடம் விடு” என்றாள் அக்கா. பை வைத்த நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

ஒவ்வொரு எண்ணிக்குப் பிறகும் ஐம்பத்தாறு பைட்டை வெறுமனே விட்டேன். இப்போது ஆளுக்கு ஒரு துண்டு. ஓட்டினேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ‘நாலு பக்கம் எழுதினது நீ, கண்டுபிடிச்சது அவ’ என்றுதான் உள்ளே ஓடியது.

வெள்ளிக்கிழமை மேலாளர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிரமாதம்மா. யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான் சார்.”

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. கடைசி வரிசையில் அக்கா இருந்தாள். ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே யாரும் உட்கார வரவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு முன் குட்டு விழும் என்று காத்திருந்தேன். வீட்டில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “என்னடி, தட்டு எடுத்து வை” என்றாள். அவ்வளவுதான்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். அவள் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் ஒப்பந்தம் முடியும்வரை, மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு முழு வாரம் இருந்தது. சொல்லவில்லை. இன்றும் அவர் என் அறைக்கு இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறார்.

அவளை வழியனுப்பப் பேருந்து நிலையம் போனேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே ஜன்னலை ஒட்டி, தலை அவள் கைக்கு எட்டும்படி நின்றேன்.

“எனக்கு ஏதாவது பாக்கி இருக்காக்கா?”

கையை வெளியே நீட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் அடையாள அட்டையின் பட்டை முறுக்கிக்கொண்டிருந்ததை நேராக்கிவிட்டாள்.

“வேலைக்கு நேரமாகுது பாரு. கிளம்பு.”

எட்டு மாதம் ஆகிறது. வாரா வாரம் பேசுகிறோம், சிரிக்கிறோம். அவளுக்கு அங்கே நல்ல பெயராம், அம்மா பெருமையாகச் சொன்னாள். வழக்கம்போல வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ குட்டுகளை அன்றன்றே தீர்த்தவள், இந்த ஒன்றை மட்டும் இன்னும் தரவில்லை.