முதல் யாசீன்

பத்து வயதில் நான் ஒரு கொலைகாரி. இரட்டைச் சடை, அதன்மேல் தலையை மூடும் வெள்ளை மக்கனா, பாதி உடைந்த முன்பல். பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். என் வாப்பாவைக் கொன்றது நான்தான் என்று ஏறக்குறைய ஒரு மாதம் நம்பியிருந்தேன். அந்த மாதத்தில் பள்ளிக்கூடம் போனேன், மதரஸா போனேன், கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன், பசித்தபோது சாப்பிட்டேன். கொலைகாரிக்கும் பசிக்கும் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாங்கள் மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஊர் தென்காசிப் பக்கம். உம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, முதலில் இங்கே வந்து ஒரு மசாலாக் கிடங்கில் மேஸ்திரியாகி, பிறகு தங்கை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டார். கிடங்கின் மாடிக்கு மூட்டைகளைக் கப்பியில் கயிறு போட்டு ஏற்றுவார்கள். வாப்பா கீழே நின்று கொக்கி மாட்டுவார். ஆட்களை நிறுத்துவதும், கயிறும் கப்பியும் கொக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் மாமாவின் பொறுப்பு. எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் வாப்பா மேலிருந்து சுக்கு வாசனை போகாது. அவர் தூக்கினால் எனக்குத் தும்மல் வரும்.

என் குற்றம் பராஅத் அன்று நடந்தது. நோன்பு மாதத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் வருவது அது. அடுத்த ஒரு வருஷத்துக்கு யார் இருப்பார், யார் போவார், யாருக்கு எவ்வளவு சோறு என்பதெல்லாம் அன்று தீர்மானமாகி வானவர்களான மலக்குகள் கையில் ஒப்படைக்கப்படும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை. அதனால் சாயங்காலம் மஃரிபு தொழுதுவிட்டு மூன்று யாசீன், அதாவது யாசீன் என்ற குர்ஆன் அத்தியாயத்தை மூன்று தடவை, ஓத வேண்டும். முதல் யாசீன் ஆயுள் நீள்வதற்கு, இரண்டாவது பலாய் முசீபத்து என்கிற ஆபத்துகள் விலகுவதற்கு, மூன்றாவது பிறர் கையை எதிர்பார்க்காமல் பிழைப்பதற்கு. இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது என்று இப்போது சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். எங்கள் வீட்டில் அன்று யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

வாப்பாவுக்கு ஓதத் தெரியாது. ஏழு வயதிலேயே வேலைக்குப் போய்விட்டவர். சின்னச் சூராக்கள் நாலைந்தை வைத்துக்கொண்டு தொழுகையை ஒப்பேற்றுவார். நான் அந்த வருஷம்தான் குர்ஆன் ஓதி முடித்திருந்தேன். “எனக்குள்ளதையும் நீயே ஓதிரும்மா. நீ ஓதுனா ரப்பு கேப்பான்” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை இரண்டு பக்கத்துக்கு மேல் நிற்கவுமில்லை. அடுப்படியில் உம்மா சக்கரைச்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். வெல்லமும் நெய்யும் கலந்து வந்த வாசனையில் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. வாப்பாவைப் பார்த்தேன், கண் மூடியே இருந்தது. முதல் யாசீனில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். கை தவறியெல்லாம் இல்லை, தெரிந்துதான் திருப்பினேன். மற்ற இரண்டையும் ஒழுங்காக ஓதினேன், ஏனென்றால் அதற்குள் உம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் வாப்பா என் கையைப் பிடித்து முத்தமிட்டு, தன் பங்குச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளினார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

நோன்பு போயிற்று, பெருநாளும் போயிற்று. பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலையில், கயிறு அறுந்து சுக்கு மூட்டை வாப்பாவின் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னை வகுப்பிலிருந்து அழைத்துப்போனார். வீட்டு வாசலில் மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார், இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். “அல்லாஹ்வின்டெ விதி, மோளே” என்றார்கள் மலையாளத்துக்காரர்கள். “அவ்வளவுதான் எழுதியிருக்கு” என்றார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அது ஆறுதல், எனக்கு அது தீர்ப்பு. எழுத்துதான், சந்தேகமென்ன? ஆனால் அது எழுதப்பட்ட அன்று வாப்பாவின் ஆயுளுக்காக ஓத வேண்டியவள் இரண்டு தாளைத் தாண்டினாள் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்! “அவ்வளவுதான்” என்று யாராவது சொன்னால், அந்த அளவைக் குறைத்தவள் நான் என்று நினைத்துக்கொள்வேன். வாப்பாவின் மையித்தைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. அழுதால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

மதரஸாவில் ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஆறு காரியங்களைக் கூட்டமாகக் கத்துவோம். ஆறாவது, நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நடக்கும் என்று நம்புவது. அது வரும்போது மட்டும் நான் சத்தமில்லாமல் வாயை அசைப்பேன். ஒருநாள் துணிந்து உஸ்தாதிடமே கேட்டுவிட்டேன்: எல்லாம் முன்னாலேயே எழுதியாகிவிட்டதென்றால் யாசீன் எதற்கு?

“ஓதுந்நதும் அவன் எழுதியதாணு” என்றார்.

“அப்போ ஓதாம விட்டா?”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஓதேண்டது நீ. விட்டால், விட்டதும் நீ தன்னெ.”

அதன் பிறகுதான் நான் வாப்பாவை இழந்த யத்தீம் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என் தலையைத் தடவி, மேசையைத் திறந்து ஒரு மிட்டாய் கொடுத்தார். நல்ல மனுஷர். என்னைத் தூக்கில் போட்டுவிட்டு மிட்டாய் கொடுக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அண்ணனுக்குத் தடையில்லை. மாமா தினமும் வந்தார். அரிசி, மீன், தம்பிக்கு மருந்து எல்லாம் அவர் கையிலிருந்துதான். வந்தால் உம்மா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “கயிறு மாத்தித்தானே இருந்துச்சு, அண்ணே?”

“சனிக்கிழமையே மாத்திட்டேன்மா. புதுக் கயிறுதான் அறுந்துச்சு” என்பார் மாமா.

பழைய கயிறு நைந்துவிட்டதென்று முதலாளி புதிது வாங்கிக் கொடுத்து, மாற்றச் சொல்லியிருந்தார். மாமா மாற்றினாரா என்பதில் கிடங்கில் பேச்சு எழுந்தது. அறுந்த கயிறு கண்ணில் படவில்லை. அன்றைய அமளியில் காயலில் போய்விட்டதாம். கடைசியில் கிடங்கு மானேஜர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் இருவரோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். மௌத்தானவரின் மனைவிக்கு யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும். உண்டென்றால் போலீசுக்குப் போவார்கள், மாமா கம்பி எண்ண வேண்டியதுதான். இல்லையென்றால் அதோடு விஷயம் முடிந்தது. இதையெல்லாம் பெரியவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றுமட்டும் புரிந்தது: குற்றவாளியைத் தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை என்னைப் பிடித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா தோப்பும்படிச் சந்தையிலிருந்து சாளை மீன் வாங்கிவந்தார். பின்பக்கப் படியில் அவர் உட்கார்ந்திருக்க, நான் மீனைச் சட்டியில் போட்டு அலசிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பராஅத், சக்கரைச்சோறு, இரண்டு தாள், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். “நான்தான் மாமா வாப்பாவ மௌத்தாக்கிட்டேன்.”

மாமா மீன் செதில் ஒட்டிய என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இல்ல தங்கம், இல்ல. நீ ஒண்ணும் பண்ணல. நீ ரெண்டு தாள விட்டே. நான் கயிற மாத்தாம விட்டேன். சனிக்கிழமை மழைன்னு விட்டேன், திங்கக்கிழமை லாரி நிக்குதுன்னு விட்டேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா. நீ முழுசா ஓதியிருந்தாலும் அது நடந்திருக்கும். நான் மாத்தியிருந்தாலும் நடந்திருக்கும். எழுதுனத யாரு அழிக்க முடியும்? யார் மேலயும் குத்தமில்ல. கேட்டியா? யார் மேலயும் இல்ல!”

யா அல்லாஹ், எனக்கு எப்படி இருந்தது தெரியுமா! ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாப்பா போனதிலிருந்து முதல் தடவையாக ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். குற்றம் செய்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தோம். என் குற்றத்தையும் அவர் குற்றத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கிற வயதா எனக்கு?

அவர் போனதும் உம்மாவிடம் ஓடினேன். தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: நான் தாளைத் தாண்டியது, மாமா கயிற்றை மாற்றாமல் விட்டது, ஆனால் மாற்றியிருந்தாலும் அறுந்தேயிருக்கும் என்பது, யார்மேலும் குற்றமில்லை என்பது. உம்மாவின் முகம் வெளுத்துப்போனது. “மாமா சொன்னத மட்டும் திரும்பச் சொல்லு, ஏட்டி” என்றாள். சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தாள். அதற்குள் தம்பி தூங்கிவிட்டான், அவனை மடியிலிருந்து இறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். “உன் ஓதலுக்கும் வாப்பா போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உன் மேல இல்ல. இத வேற யார்ட்டயும் சொல்லிறாத.” சரி என்று தலையாட்டினேன். உம்மா சாளையைப் பொரித்து எனக்குச் சோறு போட்டாள், அவள் அதைத் தொடவில்லை. இத்தாவில் மீன் கூடாதோ என்னவோ என்று நினைத்து, அவள் பங்கையும் நானே தின்றேன்.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாமா உள்ளே வராமல் வாசற்படியோரம் நின்றார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் உம்மா, பக்கத்தில் நான். மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கேட்டார்: “சகோதரிக்கு ஆரெயெங்கிலும் சம்சயமுண்டோ? உண்டெங்கில் பயமில்லாதெ பறயணும்.”

கமிட்டிக்காரர் ஒருவர் இருமினார். உம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது, நகம் பட்டு வலித்தது. கடைசியில் குனிந்து என் காதில் சொன்னாள். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய், மதரஸாவில் ஒப்பிக்கிற குரலில் கணீரென்று சொன்னேன்:

“எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல. அல்லாஹ் எழுதுனது நடந்துச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் கமிட்டிக்காரர். ஈமான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உம்மாவைப் புகழ்ந்தார்கள். மாமா வாசற்படியிலேயே குந்தி உட்கார்ந்து குலுங்கினார். அவரும் என்னைப் போலத் தப்பித்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து ஆறாவது காரியத்தை வகுப்பில் எல்லாரையும்விட உரக்கச் சொன்னேன்.

எங்களை வளர்த்தது மாமாதான். என் படிப்பு, என் நிக்காஹ், தம்பியின் வேலை, எதிலும் குறை வைக்கவில்லை. உம்மாவும் அவர் கொண்டுவந்த அரிசியைத்தான் பொங்கினாள். வேறு வழி இருந்ததா? இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நிமிஷம் இருந்தது. கைக்குழந்தையோடு, முப்பது வயதில், ஆள் தெரியாத ஊரில், அவள் ஒன்றை வேண்டாமென்று விட்டு இன்னொன்றை எடுத்தாள். அதை ஈமான் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உம்மா ஏன் என்னை அனுப்பினாள் என்பது மட்டும் வெகுகாலம் உறைக்கவே இல்லை. அன்னியர் காதில் குரல் விழக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே இத்தாவில், அதே திரைக்குப் பின்னால் நின்று, மீன்காரரிடமும் கேஸ் சிலிண்டர்காரரிடமும் தெரு கேட்கப் பேசியவள்தான் அவள். அன்று அவள் சொல்லியனுப்பியதில் இரண்டாம் பாதி உண்மையாகவே இருக்கலாம், நான் இன்றும் நம்புகிறேன். முதல் பாதி பொய். அந்தப் பொய்யை அல்லாஹ்வின் பெயரோடு சேர்த்துச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தெரியாமல் சொல்கிற வாய்க்குக் குற்றமில்லை என்று என் வாயைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.