என் கம்ப்யூட்டர்ல திறந்துச்சு

ஊரடங்கு வந்ததும் திருப்பதியில எங்க காலேஜே காலி. லைப்ரரியில நான் ஒருத்திதான். லைப்ரரியன் ஆச்சே, பாஸ் வாங்கிக்கினு தினமும் போய் உக்காருவேன். அங்கிருந்து பி.ஜி. கடைசி வருஷத்துக்கு ஆன்லைன்ல பாடம் எடுத்தேன். காலேஜ் சந்தா கட்டி வாங்கற ஆராய்ச்சிக் கட்டுரைங்களை எப்படித் தேடறது, எப்படி எறக்கறதுன்னு. அது இல்லாம ப்ராஜெக்ட் எழுத முடியாது.

என் மேஜைக் கம்ப்யூட்டர்ல தட்டுவேன், திறக்கும். ஸ்க்ரீனைக் காட்டி, "இவ்ளோதான், இதுல என்னா கஷ்டம்?"ன்னு கேட்பேன். "மேடம், ஓப்பன் காவட்லேது"ன்னு யாராவது தெலுங்குல எழுதுவாங்க, திறக்கலையாம். பாஸ்வேர்டு கேக்குதும்பாங்க. எனக்குத்தான் மூக்கு மேல கோவமாச்சே. "வேற பக்கத்துக்குப் போயிருப்பீங்க, ஒழுங்கா கவனிங்க"ன்னு அடக்கிடுவேன். மத்தவங்க சீனியருங்க ப்ராஜெக்ட்டைப் பார்த்து எப்படியோ ஒப்பேத்திட்டாங்க.

வரதய்யபாளையம் பக்கத்துப் பொண்ணு ஒருத்திக்கு அதெல்லாம் தெரியாது. கூலி வேலை செய்ற தமிழ்க் குடும்பம், அந்த வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சதே அவதான். ஊர்த் தண்ணி டேங்க் கிட்ட நின்னாதான் அவளுக்கு சிக்னல். ப்ராஜெக்ட் குடுக்கலன்னா வீட்ல கம்பெனி வேலைக்கு அனுப்பிடுவாங்கன்னு முதல் நாளே சொல்லியிருந்தா. திறக்கலையே மேடம்னு மூணு வகுப்புல கேட்டா. மூணாவது தடவை எல்லார் முன்னாடியும், "அம்மா தாயே, என் உயிரை எடுக்காத. மத்தவங்களுக்கெல்லாம் வருதே!"ன்னு கத்தினேன். வருதான்னு நான் ஒருத்தரையும் கேட்டதில்ல. அவ "சாரி மேடம்"னு சொல்லி மைக்கை அணைச்சிட்டா. அப்புறம் வகுப்புக்கு வரல.

ஒரு மாசம் போச்சு. எனக்கு ஜுரம் வந்து சித்தூர்ல எங்க வீட்டு ரூம்ல அடைஞ்சு கெடந்தேன். வகுப்பை விடக்கூடாதேன்னு வீட்டு லேப்டாப்ல அதே பக்கத்தைத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. மறுபடி தட்டினேன். மறுபடி கேட்டுச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

காலேஜ் நெட்டுல இருந்தா அது தானா திறக்கும். வெளியில இருந்து பார்க்கணும்னா ஒவ்வொருத்தருக்கும் லைப்ரரியன் தனித்தனியா ஐடி போட்டுத் தரணும். அந்த லைப்ரரியன் நான்தான். பதினாறு வருஷமா உள்ளயே உக்காந்து பழகினவளுக்கு, வெளியில இருந்து ஒரே ஒரு தடவை தட்டிப் பார்ப்போம்னு தோணலையே, படுபாவி!

ஜுரத்தோடவே எல்லாருக்கும் ஐடி போட்டேன். முதல் ஐடி அவளுக்கு. ப்ராஜெக்ட் கடைசித் தேதி முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு. துறைத் தலைவர் கிட்ட அழுது கெஞ்சி அவளுக்காக ஒரு வாரம் டைம் வாங்கினேன். அவ போனை எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சதுல அவ நைனா எடுத்தாரு. "பாப்பா தடா ஊருகிட்ட ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கினு இருக்குது மேடம். ஞாயித்துக்கெழமை போன் பண்ணுங்க."

ஞாயித்துக்கிழமை அவளே எடுத்தா. மூச்சு விடாம கொட்டினேன். "தப்பு என்னுதும்மா, உன்னுது இல்ல. ஐடி போட்டுட்டேன், டைமும் வாங்கிட்டேன். வந்துடும்மா, உன் கால்ல வேணா விழறேன். நைனா ஒத்துக்கலன்னா நான் பேசறேன்."



"அவங்க யாரும் நிறுத்தல மேடம். நைனா படின்னுதான் சொன்னாரு. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரல, நான் இதுக்கு லாயக்கில்லன்னு நான்தான் சொல்லிட்டேன்."