மாடி ப்ளேனும் நான் மறைத்த ஒரு விஷயமும்

விமான டிக்கெட் விற்பதற்கு விமானத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எதையாவது விற்றுப் பிழைத்த என் இனத்தார் எல்லோருக்கும் இது புரியும். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விரித்துப் போடுகிறவர் அதைக் கட்டிப் பார்த்தா விற்கிறார்?

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். கடையில் முதலாளியும் நானும்தான். சேர்ந்த அன்றே, "ப்ளேன்ல ஏறியிருக்கியா?" என்று கேட்டார். மீனம்பாக்கத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன் என்றேன். "அதை உன்னோட வச்சுக்க. ஏறுனதில்லன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு எல்லாரும் பாண்டிச்சேரிக்குப் போய் டிக்கெட் வாங்கிடுவாங்க" என்றார். அவரும் ஏறியதில்லை என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஜம்போ ஜெட் பேர் வாங்கியிருந்த காலம் அது. அதன் முன்பக்கத்தில் மேலே ஒரு சின்ன மாடி உண்டு. எங்கள் ஊர் அதற்கு 'மாடி ப்ளேன்' என்று பெயர் வைத்துவிட்டது. எந்த நாட்டுக் கம்பெனி, எத்தனை மணிக்குப் புறப்படும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வியே "மாடி இருக்கா?" என்பதுதான். ஆகவே, எந்தெந்தக் கம்பெனி மாடி ப்ளேன் ஓட்டுகிறது என்று ஓர் அட்டையில் பட்டியல் எழுதி என் தலைக்கு மேலே மாட்டினேன். பென்சிலில்தான் எழுதினேன். ஒரு கம்பெனி புதிதாக வாங்கும், இன்னொன்று கட்டுப்படியாகாமல் விற்றுவிடும். அழிரப்பர் இல்லாமல் அந்தப் பட்டியலை வைத்துக் குடித்தனம் பண்ண முடியாது.

சொல்தாவின் மாடி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர் பாரிசில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டார். "அலே ரெத்தூர் போடு தம்பி" என்றார். போக, வர என்று அர்த்தம். மாடியில்தான் உட்காருவேன் என்றும் சொன்னார். மாடி முதல் வகுப்புக்காரர்களுக்கு மட்டும், அதற்கு உள்ளேயே சுழல் படிக்கட்டு இருக்கிறது, உங்கள் இடம் கீழே என்று பக்குவமாக விளக்கினேன். படிக்கட்டை நான் வர்ணித்த விதத்தில் தினமும் அதில் ஏறி இறங்குகிறவன் மாதிரி இருந்திருக்கும். கம்பெனி அனுப்பிய வண்ணப் புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் அதன் படம் இருந்தது.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் வியட்நாம் சண்டைக்காக சைகோனுக்குக் கப்பலில் போன ஆள் அவர். நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "அப்பவும் என்னக் கீழ்த்தட்டுலதான் போட்டு அனுப்புனான். சண்டையும் போட்டாச்சு, கால்ல குண்டும் வாங்கியாச்சு, பென்ஷனும் வாங்கியாச்சு. இன்னமும் கீழ்த்தட்டுதானா?"

மூன்று வரிசை தள்ளி

ஒரு வாத்தியாருக்கு, கக்கூஸ் விமானத்தின் கடைக்கோடியில் இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ரயில் பெட்டியை மனதில் வைத்துச் சொன்னது. பாரிஸ் போய்த் திரும்பியவர் நேரே கடைக்கு வந்து குடையை மேஜை மேல் வைத்தார். "உங்க பேச்சக் கேட்டு அவ்வளவு தூரமும் புடிக்க ஒரு கம்பிகூட இல்லாம தள்ளாடிக்கிட்டே நடந்தேன். என் சீட்டுக்கு மூணு வரிசை தள்ளியே ஒண்ணு இருந்திருக்கு!" என்றார். முதலாளி உள்ளே பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

நான் பென்சிலை எடுத்தேன். "அப்படியா? மாத்திட்டாங்களா? எந்த வரிசைங்க?" என்றேன். அவ்வளவுதான். வாத்தியார் உட்கார்ந்து முழு விமானத்தையும் தாளில் வரைந்து காட்டினார். பஸ்ஸில் போல நடுவில் ஒரு வழி என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு வழி இருந்தது. அன்று முதல் திரும்பி வருகிற ஒவ்வொருவரிடமும் "இப்ப என்னென்ன மாத்தியிருக்காங்க?" என்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். மூன்று வருஷத்தில் ஜம்போவின் உள்பக்கம் எனக்கு என் வீட்டை விட நன்றாகத் தெரிந்துவிட்டது. அன்று வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு போகும்போது என் தோளில் தட்டினார். "நீங்க போன காலம் வேற தம்பி. இப்ப ரொம்ப முன்னேறிடுச்சு. இன்னொரு தடவ போய்ட்டு வாங்க."

இஞ்ஞாசிக்கு இல்லாத எழுத்து

அந்துவான் என்பவர் குடும்பத்தோடு பத்துப் பேராக ஒரு கல்யாணத்துக்குப் பாரிஸ் போனார். ஜம்போவில் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கை. இது வாகாக இருக்கிறதே என்று, ஒரே வரிசை கேட்டு கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸுக்கு எழுதுகிறேன், கிடைத்தால் உங்கள் யோகம் என்றேன். இருக்கைப் படத்தை விரித்துக் காட்டினேன். ஏ, பி, சி என்று போட்டிருந்தது. அந்துவானுக்கு ஏ, பெர்னாருக்கு பி, செசிலிக்கு சி என்று அவர் மனைவி விரல் வைத்துக்கொண்டே வந்தார். எழுத்து பெயருக்காக இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் விரல் எச்-சைத் தாண்டிவிட்டது. அடுத்து ஜே. நடுவில் ஐ இல்லை. ஒன்று என்கிற எண்ணோடு குழம்பும் என்று அதை விட்டுவிடுவார்கள்.

மூத்த மாப்பிள்ளையின் பெயர் இஞ்ஞாசி. பிரெஞ்சில் எழுதினால் ஐ-யில் தொடங்கும். "மாப்பிள்ளைக்கு எடம் இல்லாத ப்ளேன்ல நாங்க யாரும் ஏறமாட்டோம்" என்று அம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையோ முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். பத்து டிக்கெட்டும் வாசலைப் பார்த்து நடக்கிறது! பாஸ்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். புண்ணியமாகப் போயிற்று, ஞானஸ்நானப் பெயர் ழோசப் இஞ்ஞாசி, ஜோசப்தான், ஜே-யில் தொடங்குகிறது. "இதோ, ஜே சீட்டு அவருக்காகவே இருக்குங்க" என்றேன். அம்மாள் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். "எங்க எல்லாருக்குமே ரெண்டு ரெண்டு பேரு இருக்கே. அப்பறம் ஏன் ஆளுக்கு ஒரு சீட்டு குடுக்குறீங்க?"

அழிக்க மறந்த பெயர்

குரும்பகரம் விவசாயி ஒருவர் லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார். அவருடைய சம்பந்தி முந்தின வருஷம் மாடி ப்ளேனில் போய்வந்து, அந்தக் கதையை எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே இவருக்கு மாடி கட்டாயம் வேண்டும். அட்டையைப் பார்த்து ஒரு கம்பெனியில் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கம்பெனி தன் ஜம்போக்களை விற்றுவிட்டு அந்த வழியில் சின்ன விமானம் விட ஆரம்பித்திருந்தது. அறிவிப்பு வந்து என் மேஜையிலேயே கிடந்தது. நான்தான் பெயரை அழிக்கவில்லை.

தப்பு என்னுடையது என்பதால் அவர் திரும்பி வந்த அன்று நானே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டேன். டிக்கெட் தொழிலில் இதைப் போல நிராயுதபாணியாக நின்ற நாள் எனக்கு வேறு இல்லை. அவர் கோபப்படவில்லை. அட்டையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அழிரப்பரை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஊர்ல மொத மாடி வீடு எங்களுது தம்பி. என்னக் கீத்துக் கொட்டாயில ஏத்தி அனுப்பிட்டீங்களே."

கேட்டே விட்டார்

எண்பதுகளின் தொடக்கத்தில் கருக்களாச்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். செல்லம்மா என்று பெயர். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். மகள் பாரிசில் தலைப்பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள், கூடமாட யாருமில்லை. விசா வந்தாயிற்று. பணமும் மருமகன் அனுப்பியாயிற்று. ஆனால் இந்த அம்மாவுக்கு ஆகாயம் என்றால் பயம். இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் டிக்கெட் போடாமல் திரும்பிப் போனவர். காது அடைக்குமா என்றார், மிட்டாய் கொடுப்பார்கள் என்றேன். ஆடுமா என்றார், ஜம்போ பெரிய வண்டி, அவ்வளவாக ஆடாது என்றேன். சாப்பாடு, படுக்கை, கக்கூஸ், எல்லாவற்றுக்கும் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

கடைசியில் நேராக என் முகத்தைப் பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் புதுசா பழசா என்று கண்டுபிடிக்கிற கண். "நீங்க ஏறியிருக்கீங்களா தம்பி?"

ஏழு வருஷத்தில் இந்தக் கேள்வியை இப்படி நெற்றிக்கு நேராக யாரும் கேட்டதில்லை. உள்ளே முதலாளி இருமினார். ஏறியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. இல்லை என்றால் இந்த அம்மா மூன்றாம் முறையும் எழுந்து போவார், அங்கே அந்தப் பெண் தனியாகப் பிள்ளை பெறுவாள். ஆனாலும் மகளுக்காகத் தன் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிற ஒருத்தியிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "இல்லம்மா. ஒரு தடவைகூட ஏறுனதில்ல. சொன்னதெல்லாம் போய்ட்டு வந்தவங்க சொன்னது. போன அத்தனை பேரும் நல்லபடியா வந்து என்கிட்ட சண்டை போட்டிருக்காங்க" என்றேன்.

முதலாளியின் இருமல் நின்றுவிட்டது. செல்லம்மா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நான் மட்டும் என்னவாம்? கட்டுமரத்துல ஒரு நாள் கால் வச்சதில்ல, நாப்பது வருசமா மீன் விக்கிறேன். போடுங்க தம்பி டிக்கெட்ட."

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையையே சொன்னேன், பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒருத்தரும் ஏறவில்லை, நானும் எதிலும் ஏறாமலே எண்பதுகள் முடிகிறவரை மாடி ப்ளேன் விற்றேன்.