புள்ளி தாளில் இல்லை

கருப்பையா அண்ணன் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு, அச்சான தாள் ஒன்றை உருவிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“புள்ளி விழுதும்மா. இங்குட்டு ஓரத்துல பாரு.”

பார்த்தேன். தாள் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்? கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து ஒங் கண்ணு அவிஞ்சு போச்சு” என்று சிரித்துவிட்டு, பிளேட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்களுடையது காரைக்குடியில் ஒரு ஆஃப்செட் பிரஸ். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. நான் அங்கே கம்ப்யூட்டரில் எழுத்து அடித்து வடிவமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டர், பெயர் மல்லிகா. கருப்பையா அண்ணன் மெஷின்மேன். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சிறு வயதில் கிட்டிப்புள் அடித்து வலது கண் மங்கிப்போனவர். இடது கண்ணுக்குத் தடித்த மைனஸ் கண்ணாடி. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நாலு கலரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் உட்கார வைப்பார். வாய்க்கொழுப்பும் கொஞ்சம் உண்டு. என்னை ஒரு நாள் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தொழிலுக்குப் புதிதாக வரும் இளம்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அச்சுப் பிளேட்டிலோ, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டிலோ தூசியோ காய்ந்த மையோ ஒட்டினால் தாளில் புள்ளி விழும். ‘ஹிக்கி’ என்போம். மெஷின்மேனுக்கு அது மானப் பிரச்சினை. புள்ளி என்றால் அவர் கை தானாகப் பஞ்சைத் தேடும். புள்ளி தன் கண்ணுக்குள் இருக்கும் என்று எந்த மெஷின்மேனுக்குத் தோன்றும்? ஒரு கண் நன்றாக இருந்து மறுகண்ணை மூடிப் பார்க்கிறவனுக்குத் தோன்றலாம். அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கண்ணே இல்லை.

அன்றைக்கு அவர் சொன்னதை நானும் நம்பினேன். ஏனென்றால் எனக்குத்தான் அப்போது கண் கோளாறு. சாயங்காலமானால் மணல் விழுந்தது போல உறுத்தும், நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். டாக்டரம்மாவிடம் காட்டியிருந்தேன். “கண் சிமிட்டவே மறந்துபோய் வேலை பாக்குறீங்க. அப்பப்ப நிமிந்து தூரத்துல எதையாவது பாருங்க” என்று சொல்லி, கண்ணாடி பவரை மாற்றி, சொட்டு மருந்தும் கொடுத்திருந்தார். எனக்குச் சரியாகிக்கொண்டு வந்தது.

எவ்வளவு துடைத்தும் புள்ளி போகாததால், தனக்கும் என்னைப் போலக் கண் அலுப்புதான் என்று நினைத்து கருப்பையா அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? என் மருந்து பாட்டிலின் பெயரைப் பார்த்துக்கொண்டு போய், மெடிக்கலில் அதையே வாங்கி விட்டுக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே” என்றேன்.

“அங்க போனா என்ன சொல்லப் போறாக? ரெஸ்ட் எடும்பாக. முகூர்த்த மாசத்துல எங்கிட்டு ரெஸ்ட் எடுக்குறது? எனக்கு என்ன வலிக்கவா செய்யுது?”

வலிக்கவில்லை. பாழாய்ப்போன அந்தக் கண் கடைசிவரை வலிக்கவே இல்லை. கொஞ்சம் வலித்திருந்தால் அந்த மனுஷன் போயிருப்பார்.

அடுத்து மினுக்கல் வந்தது. “டியூப்லைட்டு சோக்கு போயிருச்சும்மா. ஓரத்துல வெல்டிங் வெக்கிற மாதிரி மினுக்கு மினுக்குங்குது” என்றார். முதலாளி மறுபேச்சில்லாமல் புது லைட் மாட்டிவிட்டார். அதுவும் மினுக்குகிறது என்றார் அண்ணன். எலக்ட்ரீஷியனை வரச் சொன்னோம். எல்லாவற்றையும் பழுது பார்த்தோம், அவரைத் தவிர.

முதலாளி கெட்டவர் இல்லை. அண்ணனைவிட வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் அப்போது கண்டனூர் ஆச்சி ஒருவர் வீட்டுப் பத்திரிகை மெஷினில் ஏறியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டுக்கு வெள்ளையடிப்பு நடக்கிறது, ஆச்சி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் போடுகிறார். அந்த நேரத்தில் அண்ணன், “கீழேருந்து கறுப்பா ஏதோ ஏறுது தம்பி. பேப்பர் விழுற எடம் தெரிய மாட்டேங்குது” என்றார்.

“அண்ணே, ஆச்சி வீட்டு வேலைய மட்டும் முடிச்சிருங்க. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றார் முதலாளி.

“வேலையப் பாதியில விட்டுட்டு நான் எங்கிட்டுப் போகப் போறேன்? முடிச்சுட்டே போவோம்” என்றார் அண்ணன்.

முடித்தார். நன்றாகவே முடித்தார். மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், ரோட்டைக் கடக்கத் தெரியாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். “மல்லிகா, நீதானா?” என்று கேட்டார். ஐயோ, அந்தக் குரல்! எப்போதும் என்னைக் கேலி செய்த வாய் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை.

முதலாளியும் நானும் அவரை என் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தார். பிறகு எங்களிடம் திரும்பி, “கண்ணுக்குள்ள இருக்குற விழித்திரை கிழிஞ்சு, பிரிஞ்சு வந்திருச்சு. கிட்டப்பார்வை அதிகமா இருக்குறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். புதுசா புள்ளி தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா, லேசர் வச்சு அடைச்சிருக்கலாம். இப்பவே மதுரைக்குக் கிளம்புங்க” என்றார். முதலாளிதான் காரை ஓட்டினார்.

ஆபரேஷன் நடந்தது. விழித்திரை ஒட்டுவதற்காக நாள் கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிகிறது. வேலைக்கு உதவிய கண் போய்விட்டது, உதவாத கண் மிஞ்சியது.

கம்ப்யூட்டர் பார்த்து வரும் அலுப்பு ஓய்வெடுத்தால் குறையும், பவரைச் சரி செய்தால் குறையும். குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஆனால் திடீரென்று புள்ளி பறந்தால், ஓரத்தில் மின்னினால், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தால், அது அலுப்பு இல்லை. வலிக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். கல்யாணம் நிற்காது, பத்திரிகையை வேறு யாராவது அடிப்பார்கள்.

பிறகு வேறொரு மெஷின்மேன் வந்தார். ஒரு நாள் அவர், “கண்ணுல கொசு பறக்குற மாதிரி இருக்கு” என்று சொல்லி வாய் மூடவில்லை, முதலாளி பாதி வேலையில் மெஷினை நிறுத்தி அவரைக் காரில் ஏற்றிவிட்டார். சாயங்காலம் முதலாளி திரும்பி வந்து, “ஒண்ணுமில்லையாம் மல்லிகா. வயசானா சில பேருக்கு வர்றதுதானாம்” என்றார். சொல்லிவிட்டுப் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அந்த வாரம் பள்ளத்தூருக்குப் போனபோது கருப்பையா அண்ணனிடம் இதைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து, நான் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லன்னு சொன்னாகளா? நல்லது, நல்லது” என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“எனக்கும் அதத்தானம்மா சொல்லுவாகன்னு நெனச்சேன். அதுனாலதான் போகல.”