ரெண்டு ஸ்க்ரீனுக்கு நடுவே ஒரு கழுத்து

ஊரில் என்னை மேசை நாற்காலி விற்கிறவன் என்பார்கள். நான் அதிகம் வாங்கிச் சேர்த்தது மற்றவர்களின் கழுத்துவலிக் கதைகளைத்தான். பெரம்பலூரில் கடை. இரண்டு மூன்று கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்களை எதிரே வைத்துக்கொண்டு நாளெல்லாம் வேலை பார்க்கிறவர்களுக்கு, உடம்புக்குத் தோதாக மேசையும் நாற்காலியும் பொருத்திக் கொடுப்பது என் வேலை. இதைப் படிக்கும்போதே உங்கள் கை பிடரியைத் தேய்க்கப் போகிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், வாங்க.

காற்றோட்டமான அறை

ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு விவசாய வீட்டு மருமகள் கவிதா. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். லேப்டாப் தையல் மிஷின் மேல் இருந்தது. இரண்டாவது ஸ்க்ரீன் பக்கத்தில் அரிசி டிரம் மேல். இதைப் பார்க்க ஒரு திருப்பு, அதைப் பார்க்க ஒரு திருப்பு. விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்து, சோறு பிசையக்கூட முடியவில்லை. "வேலையே வேணாம், விட்டுரு" என்று மாமியார் சொல்லிவிட்டார். விட மனசில்லாமல்தான் கவிதா கடைசியாக எனக்குப் போன் செய்திருந்தார்.

போய்ப் பார்த்தால் மேசை போட இடமே இல்லை. கூடத்தில் கட்டில், டிவி, பிள்ளைகள். பின்னால் ஒரு அறை இருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல வெளிச்சம். ஆனால் தரை முழுக்கச் சின்ன வெங்காயம். அந்த வருஷத்து வெள்ளாமை, அழுகாமல் இருக்கக் காற்றோட்டத்தில் பரப்பியிருந்தார்கள். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கவிதாவும் கேட்கவில்லை. அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். அதுவரை வாசலில் பேசாமல் நின்ற மாமனார், "இருங்க தம்பி" என்று உள்ளே போய்த் தானே கூடையில் வெங்காயத்தை அள்ள ஆரம்பித்தார். மாமியார் பதறிப்போய், "மழை வந்தா எங்கய்யா கொண்டுபோய் வப்ப?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காட்டுல கீத்து மூடிப் பட்டறை போட்டுக்கறேன். வெங்காயமே அழுவாத ரூமு இது, புள்ளைய உள்ள உக்கார வையி."

கவர்

பெரம்பலூரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர். ஒரு ஸ்க்ரீனில் லாரிகள் எங்கே போகின்றன என்று பார்ப்பார், இன்னொன்றில் கணக்கு. முதுகுவலி தாங்காமல், இருந்ததிலேயே நல்ல நாற்காலியாக வாங்கினார். முதுகில் காற்றுப் போக வலை போட்டது. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். பாலிதீன் கவரைப் பிரிக்கவே இல்லை. சட்டை நனைந்து ஒட்டியிருக்க, கவருக்கு மேல் ஒரு துண்டும் போட்டு உட்கார்ந்திருந்தார். "பிரிச்சிடுங்க சார், வலையே காத்துக்குத்தான்" என்றேன். சிரித்தார். "நாற்காலியாவது புதுசா இருக்கட்டும் தம்பி, முதுகு எப்படியும் பழசுதான்."

இடது பக்கச் சுவர்

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை. சூளையைக் கவனிக்கிற கன்ட்ரோல் ரூமில் வரிசையாக ஸ்க்ரீன்கள். குணசேகரன் என்பவர் அங்கே நெடுநாள் ஆபரேட்டர். அதிகம் பார்க்க வேண்டியது சூளை நெருப்பு தெரியும் ஸ்க்ரீன். அது இடது கோடியில் இருந்தது. ஏன் அங்கே என்று கேட்டேன். "ஒயர் அதுவரைக்கும்தான் வந்துச்சாம்" என்றார். நாளெல்லாம் இடது பக்கமே பார்த்துக் கழுத்து அப்படியே திரும்பி நின்றுவிட்டது. தலைவலி, கிறுகிறுப்பு. வேறு பிரிவுக்குப் போய்விடலாம் என்று எழுதிக் கொடுக்கிற நிலைமையில் இருந்தார். நெருப்பை நேர் எதிரே கொண்டுவந்து, மற்ற ஸ்க்ரீன்களை அரைவட்டமாக வளைத்து வைத்தோம். அவ்வளவுதான் வேலை.

அப்புறம் ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மனைவியோடு நின்றிருந்தார். தலைவலி குறைந்துவிட்டதாம், அதே வேலையில்தான் இருக்கிறாராம். என்னை யாரென்று அறிமுகப்படுத்தியதும் அந்த அம்மா கிட்டே வந்தார். கண் கலங்கியிருந்தது. "எம்மேல என்னமோ கோவம்னே இத்தன வருசமா நெனச்சேங்க. சாப்புடறப்பகூட செவுத்தப் பாத்துதான் பேசுவாரு. இப்பத்தாங்க என் மொகத்தப் பாத்து கொழம்பு கேக்குறாரு."

நின்ற மேசை

பாடாலூரில் டீக்கடைக்காரர் ஒருவருடைய மகன் வெற்றி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வந்தபோது பைக் விபத்து. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகள் நன்றாக இருந்தன. வீட்டிலிருந்தே மூன்று ஸ்க்ரீன் பார்த்து வேலை செய்ய முடிந்தால் மறுபடி எடுத்துக்கொள்கிறோம், ஒரு மாதம் பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை ஒன்றைக் கொண்டுபோனேன். வெற்றி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடிகள் மேசை விளிம்பில் இடித்து நின்றன. எட்டிக் கீபோர்டைத் தட்டப் பார்த்தார். இடுப்பில் பிடிப்பில்லாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது. அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்தார். நாற்காலிதான் எல்லாருக்கும் முக்கியம் என்று பேசுகிற நான், அவர் நாற்காலியை அளக்காமலே வந்திருந்தேன்.

மேல்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போய், ஆசாரியிடம் முன்பக்கத்தைப் பிறை மாதிரி வெட்டச் சொன்னேன். திரும்பக் கொண்டுவந்து பொருத்தி, நாற்காலியின் கைப்பிடி உள்ளே போகிற உயரத்துக்கு ஏற்றி வைத்தோம். இந்தத் தடவை வயிறு பலகையைத் தொடும்வரை போனார். இரண்டு முழங்கையும் பக்கத்துக்கு ஒன்றாக மேசையில் உட்கார்ந்தன. உடம்பு சாயவில்லை. மூன்று ஸ்க்ரீனும் எரிந்தன. அம்மா பிடித்திருந்த தோளை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். வெற்றிதான், "வுடும்மா" என்றார்.

சோதனை மாதம் முடிந்து, இன்றும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறார். ஆனால் எனக்கு மறக்காதது மேசையைப் பொருத்திய அந்த நாள். நான் கிளம்பும்போது வெற்றி கொஞ்சம் பின்னால் உருண்டு, மேசையின் பட்டனை அழுத்தினார். மேசை மெதுவாக மேலே போனது; ஒரு ஆள் நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம்வரை போய் நின்றது. தவறி அழுத்திவிட்டார் என்று நினைத்து நான் இறக்கப் போனேன். கையைத் தடுத்தார். அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டுங்கண்ணே. இந்த வூட்ல ஒன்னாவது எந்திரிச்சு நின்னுருச்சுல்ல, பாத்துக்கறேன்."

ஊரையே நிமிர்ந்து உட்காரச் சொல்கிற நான், இதையெல்லாம் கடை மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கூன் போட்டு உட்கார்ந்துதான் எழுதினேன் என்பதை மட்டும் தயவுசெய்து என் வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.