கிணற்று மூச்சு

என் வீட்டுக்காரர் கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரியலூர் வெயிலுக்கு அந்தக் குணம் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். காலமெல்லாம் குழியில் இறங்கினது போதாதா, இப்போது கடலில் வேறு இறங்க வேண்டுமா என்று கேட்டேன்.

"நான் வெட்டுன இடம் பூரா ஒரு காலத்துல கடல்தான். செத்த நத்தைய கல்லாத்தான் பாத்துருக்கேன். உசுரோட ஒரு தரம் பாத்துட்டு வரேனே" என்றார்.

அது என்னவோ உண்மைதான். எங்கள் வீட்டில் டிவி மேல், அலமாரியில், தண்ணீர்க் குடத்து மூடியில்கூட அவர் கொண்டுவந்து வைத்த நத்தைக் கல்தான் இருக்கும்.

அவர் தேடிப் பிடித்த இடம் இந்தோனேசியாப் பக்கம் ஒரு எரிமலைத் தீவு. செல்போனில் காட்டினார். உச்சியில் புகை, கரையில் கரி மாதிரி மணல், தண்ணீருக்குள் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். "இந்த மலை வெடிச்சா என்ன பண்றது?" என்றேன். "வெடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க" என்று சொல்லிவிட்டு இருமினார்.

எனக்கு எரிமலை பயமில்லை. அந்த இருமல்தான் பயம். ஓய்வு பெற்றதிலிருந்தே இருந்தது. அவரோடு வேலை பார்த்த பக்கத்துத் தெருக்காரரும் இப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார், சளி என்றார், திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இவர் இருமினால் போதும், அடுப்பில் எது கருகினாலும் சரி, நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிடுவேன். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத வியாதிய சொல்லுவாங்க" என்று சுக்குக் கசாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். கல் உடைத்து உடைத்து மனிதரே கல்லாகிவிட்டார் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

பயண ஏற்பாடு மட்டும் மும்முரமாக நடந்தது. மழை இல்லாத மாதம் எது, திருச்சியிலிருந்து எந்த விமானம் என்றெல்லாம் விசாரித்தார். இருவருக்கும் பாஸ்போர்ட் வந்தது. நான் படகிலேயே உட்கார்ந்திருப்பதாக ஒப்பந்தம். இட்லிப் பொடியைச் சுங்கத்தில் விடுவார்களா என்பது மட்டும்தான் என் கவலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியையும் அவரே ஆரம்பித்துவிட்டார். சிறுவாச்சூரில் என் தம்பிக்குச் சோளக்கொல்லையும் ஒரு பெரிய கிணறும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு நீச்சல் என்றால் கிணறுதான். குடம் விழுந்தால் முங்கி எடுக்க வேண்டும். அதற்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, உள்ளே போனதும் ஒவ்வொரு குமிழியாகச் சிக்கனமாக விட வேண்டும். அதில் இவர் கெட்டிக்காரர். என் தம்பி மேட்டில் நின்று சத்தமாக எண்ணுவான். நான் மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே வந்ததும் இருமுவார். "சூப்பர் மாமா" என்பான் அவன். இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவேன்.

புதுச்சேரியில் ஸ்கூபா என்கிற கடலடி நீச்சலைச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர்தான் ஆட்களைச் சேர்த்துத் தீவுக்கு அழைத்துப்போகிறவர். அவரிடம் இவர் போனில் இந்தப் பயிற்சியைப் பெருமையாகச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயா, மூச்ச அடக்கறதுதான் அங்க செய்யவே கூடாதது. சிலிண்டர் எதுக்கு இருக்கு? உங்க பாட்டுக்கு இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். ஆமா, பேசும்போதே இருமுறீங்களே? நெஞ்சு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம தண்ணியில இறக்க மாட்டேன்."

அத்தோடு திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "பெரம்பலூர் வரைக்கும் போயிட்டு வந்துருவோமா?" என்றார். நான் அழுது நடக்காத காரியத்தை ஒரு மீன் நடத்திவிட்டது. கோபமாக வந்தது. அந்த மீனைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அதில் வந்த கணக்கைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. ஆனா ஊதுனதுல பாதிகூட வரலையே. எதுக்கும் திருச்சிக்கு எழுதித் தரேன், அங்க ஒரு தரம் பாத்துருங்க."

திருச்சி என்றதும் எனக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்ததில்லை. "அப்ப நத்தை பாக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் ஊதட்டும்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை என்னையும் உள்ளே விட்டார்கள். அவர் நெஞ்சு நிறைய இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அடக்கினார். பிறகு குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக, மிச்சம் பிடித்துப் பிடித்து விட்டார்.

"ஐயோ டாக்டர், இவரு கிணத்துல மூச்சு விடறாருங்க!" என்று கத்திவிட்டேன். "குடம் எடுக்கற நெனப்புல சேத்து வச்சுக்கிட்டு விடறாருங்க!"

குழாயைப் பிடித்திருந்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயா, இங்க குடம் ஒண்ணும் விழல. அடக்காதீங்க, இழுத்த வேகத்துல அடுப்பு ஊதற மாதிரி ஊதுங்க" என்றாள். ஊதினார். இன்னும், இன்னும் என்று அவள் சொல்லச் சொல்ல, முகம் சிவக்க, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "இது நல்லாருக்கே!"

நெஞ்சில் குறை இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு படுக்கிற பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லையாம். வயிற்றுப் புளிப்பு மேலே வந்து இருமல் கிளப்புகிறதாம். நேரத்தோடு சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், இருமல் நின்றதும் வந்தால் சர்டிபிகேட் தருவதாகச் சொன்னார். வராந்தாவுக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க, எதுக்கு அழுவுற?" என்றார். அதற்குத்தான் அழுதேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுச் செல்போனில் படகைக் காட்டினார். நிழல் விழுகிற பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். எதிரே சிமென்ட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் இருமினார். படகில் எந்தப் புடவை காற்றுக்குப் பறக்காமல் இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே அரியலூர் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.